போனஸ்: இனாமா, உரிமையா?

புரட்டாசி பிறந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் ஒரு சொல் அடிக்கடி ஒலிக்கத் தொடங்குகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும், டில்லியின் கரோல்பாகிலும், ஜாம்ஷெட்பூரிலும், கல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அச்சொல்லின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டு, குழந்தைகளுக்குப் புத்தாடை, ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்பவேண்டிய தொகை, மளிகைக் கடைப் பாக்கி, அடகில் இருக்கும் வளையல் ஆகிய யாவும் அந்த ஒரு சொல்லையே நம்பி நிற்கின்றன. 'போனஸ் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்த செலவுகளின் பட்டியல், வந்து சேரும் போனஸைவிட எப்பொழுதும் சற்று நீளமாகவே இருப்பதும் நாம் அறிந்ததே.

அச்சொல் நம் மொழிக்குரியதன்று. ஆங்கிலேயர் அதனை லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டனர். 'நல்லது' என்பதே அதன் வேர்ப்பொருள். இந்த நல்லதைச் செய்பவர் யார் என்னும் குழப்பமும் அதனோடு கூடவே வந்துவிட்டது. 'இவ்வாண்டு முதலாளி என்ன கொடுத்தார்?' என்றுதான் நாம் ஒருவரையொருவர் வினவுகிறோம். கோவிலில் பிரசாதம் பெறுபவர்போல இரு கைகளையும் நீட்டி உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்பவரும் நம்மிடையே உண்டு. பணத்தை மதிக்கும் அவ்வழக்கத்தில் குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் அப்பணம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வரவேண்டும், வராவிடில் யாரைக் கேட்பது என்பவற்றை அறியாது பெற்றுக்கொள்ளும்பொழுது, குறைவாகப் பெற்றவரும் நன்றி கூறிவிட்டே வீடு திரும்புகிறார். ஆகவே இவற்றைச் சற்று விரிவாக ஆராய எண்ணுகிறோம்.

இந்நாட்டில் போனஸ் தோன்றியது உண்மையில் இனாமாகத்தான். முதல் உலகப் போரின்போது துணி விலை ஏறியது. ஆலைகளின் இலாபமும் ஏறியது. அரிசி, கோதுமை விலையும் உடன் ஏறியது. கூலியை நிரந்தரமாக உயர்த்த ஆலை முதலாளிகளுக்கு மனமில்லை. ஒருமுறை உயர்த்திய கூலியைப் போர் முடிந்தபின் இறக்குவது எளிதன்று என்பது அவர்கள் கணக்கு. எனவே 1917 ஆம் ஆண்டில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் 'யுத்த போனஸ்' என்னும் பெயரால் கூலியில் நூற்றுக்குப் பத்து வீதம் தனியே கொடுக்கலாயினர். அடுத்த ஆண்டு அது பதினைந்தாயிற்று. வேண்டும்பொழுது கொடுத்து வேண்டாதபொழுது நிறுத்திவிடலாம் என்னும் எண்ணத்துடனேயே அது கூலியிலிருந்து வேறாக வைக்கப்பட்டது.

அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அகமதாபாத் காட்டிற்று. 1917 ஆம் ஆண்டில் அந்நகரில் கொள்ளைநோய் பரவியது. உயிருக்கு அஞ்சித் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்கும்பொருட்டு ஆலையினர் நெசவாளருக்குப் 'பிளேக் போனஸ்' கொடுத்தனர். சிலருக்கு அது கூலியில் நூற்றுக்கு எழுபது, எண்பது வரையில் இருந்தது. நோய் தணிந்தது, போனஸை நிறுத்துவதாக 1918 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நோய் தணிந்ததே அன்றி விலைவாசி தணியவில்லை. நூற்றுக்கு ஐம்பது வீதம் கூலி உயர்வு வேண்டுமென்றனர் நெசவாளர். இருபதுக்குமேல் இயலாது என்றனர் முதலாளிகள். இருதரப்புக் கணக்கையும் ஆராய்ந்த காந்தியடிகள் முப்பத்தைந்தே நியாயம் என்றுரைத்தார்.

இவ்வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளரின் பக்கம் நின்று அவர்களை வழிநடத்தியவர் அவருடைய தமக்கையார் அனசூயா. ஒரே குடும்பம் ஒரே கணக்கின் இரு பக்கங்களிலும் நின்றது. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் கூடிற்று. நாட்கள் செல்லச்செல்லப் பட்டினியால் தொழிலாளரின் உறுதி தளரவே, மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். 18 ஆம் தேதி உடன்பாடு பிறந்தது. அவ்வுடன்பாட்டை இன்றும் தொழில் உறவு பயில்வோர் படித்துச் சுவைக்கலாம். வேலைக்குத் திரும்பும் முதல் நாளுக்கு முப்பத்தைந்து வீதம். அதனால் தொழிலாளரின் சபதம் நிறைவேறிற்று. இரண்டாம் நாளுக்கு இருபது வீதம். அதனால் முதலாளிகளின் சபதமும் நிறைவேறிற்று. மூன்றாம் நாள் முதல், நடுவர் தீர்ப்பு வரும்வரையில், இரண்டுக்கும் நடுவாகிய இருபத்தேழரை. பின்னர் நடுவராயிருந்த பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவர் முப்பத்தைந்தே சரியென்று தீர்ப்பளித்தார். இருதரப்பாரின் மானமும் கெடாதவாறு ஒரு சம்பளத் தகராறு முடிவது அபூர்வம்.

பம்பாயிலோ அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. போர் முடிந்தபின்னரும் சில ஆண்டுகள் அங்கே ஒரு மாதக் கூலி போனஸாகக் கொடுக்கப்பட்டு வந்தது. ஆண்டுதோறும் வந்ததைக் குடும்பங்கள் வரும் என்றே எண்ணிக் கடன் வாங்கின; கிராமத்துக்குச் செய்தி அனுப்பின. 1923 ஆம் ஆண்டுக்குரிய போனஸ் இல்லை என்று அறிவித்தவுடன், 1924 ஜனவரியில் ஒன்றரை லட்சம் பேருக்குமேல் வேலையை நிறுத்தினர். பம்பாய்த் தலைமை நீதிபதி சர் நார்மன் மக்லியாட் தலைமையில் அமைந்த குழு விசாரித்தது. ஆண்டுதோறும் போனஸ் பெறத் தொழிலாளருக்கு வழக்கத்தாலோ சட்டத்தாலோ நியாயத்தாலோ உரிமை எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதும், அவ்வாண்டின் இலாபம் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்பதும் அக்குழுவின் முடிவு. மார்ச்சு மாதத்தில், கைக்கு ஒன்றும் கிட்டாமல், மக்கள் ஆலைக்குத் திரும்பினர். 'இனாம்' என்று பெயரிட்டுப் பெற்ற பணத்தை நீதிமன்றத்தில் கேட்க இயலாது என்னும் பாடத்தைப் பரேலும் லால்பாகும் இரண்டு மாதப் பட்டினியால் கற்றன.

எல்லா முதலாளிகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று நாம் கூறவரவில்லை. ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பு எஃகு ஆலையார் 1912 ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலையை ஏற்றனர். 1920 இல் வருங்கால வைப்பு நிதி ஏற்படுத்தினர். 1934 இல் இலாபத்தில் பங்கு என்னும் முறையில் போனஸ் கொடுக்கத் தொடங்கினர். இவை யாவும் சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்னரே நடந்தவை. 'கொடுத்தோம்' என்பதற்கும் 'பங்கு' என்பதற்கும் உள்ள தூரத்தை ஓர் ஆலை தானே கடந்தது. பிற ஆலைகளைக் கடக்கச் செய்ய நீதிமன்றங்கள் வேண்டியிருந்தன.

நாடு விடுதலை பெற்றபின் அவ்வேலை தொடங்கிற்று. 1950 ஆம் ஆண்டில் பம்பாய் ஆலைகளைப்பற்றிய வழக்கில், தொழில் மேல்முறையீட்டு டிரிப்யூனல் ஒரு கணக்குமுறையை வகுத்தது. ஆண்டு இலாபத்திலிருந்து இயந்திரத் தேய்மானம், பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கான ஒதுக்கீடு, வருமான வரி, முதலீட்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம், நடைமுறை மூலதனத்துக்குச் சிறிது குறைந்த வட்டி ஆகியவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதில் தொழிலாளருக்கும் பங்கு உண்டு. சட்டசபை எதுவும் இயற்றாத இம்முறை பதினைந்து ஆண்டுகள் சட்டம்போல் ஆட்சி செய்தது. உச்சநீதிமன்றமும் 1959 ஆம் ஆண்டில் அதனை உறுதி செய்தது. போனஸ் இனாமும் அன்று, பின்னர் கொடுக்கவேண்டிய கூலியும் அன்று. தொழிலாளி பெறும் கூலி நல்வாழ்வுக்குப் போதாதிருக்கும்போது, அவன் உழைப்பும் சேர்ந்து விளைத்த இலாபத்தில் அவனுக்குரிய பங்கு என்பது அக்கால நீதிபதிகளின் கருத்து. 1924 ஆம் ஆண்டின் முடிவோடு இதனை ஒப்பிட்டால், முப்பத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு வழி நடந்திருக்கிறோம் என்பது விளங்கும்.

ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஆலைக்கும் வழக்காடிக்கொண்டிருப்பது எவருக்கும் நன்மையன்று. 1961 டிசம்பரில் திரு. எம். ஆர். மேஹர் தலைமையில் போனஸ் கமிஷன் அமைந்தது. 1964 இல் அறிக்கை தந்தது. 1965 மே மாதத்தில் அவசரச் சட்டமும் செப்டம்பரில் முழுச் சட்டமும் வந்தன. கழிவுகள் போக மிஞ்சியதில் பெரும்பங்கு தொழிலாளருக்கு. நூற்றுக்கு இருபதுக்கு மேற்படாது. நூற்றுக்கு நான்குக்குக் குறையாது. இந்தக் கடைசி விதியில்தான் புரட்சி இருக்கிறது. இலாபம் இல்லாத ஆண்டிலும் அந்த நான்கு வீதத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். இலாபமே இல்லாதபொழுது இலாபத்தில் பங்கு ஏது? அப்படியானால் அது கூலியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டதன்றோ? சட்டம் இக்கேள்விக்கு நேராக விடை கூறவில்லை. தொகையை மட்டும் கூறிவிட்டது. நம் கருத்தில் அதுவே போதிய விடை.

1972 இல் அந்த நான்கு எட்டேகால் சொச்சமாக, அதாவது 8.33 ஆக, உயர்ந்தது. இவ்வெண்ணை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்தவர் பலர். அது எங்கிருந்து வந்ததென்று எண்ணிப்பார்த்தவர் சிலரே. நூற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் அவ்வெண் வரும். பன்னிரண்டு மாதம் உழைத்தவருக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதச் சம்பளம் என்பதே அதன் உட்பொருள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 செப்டம்பரில், அது மீண்டும் நான்காகக் குறைக்கப்பட்டது. 1977 இல் ஆட்சி மாறியபின் திரும்பவும் 8.33 ஆயிற்று. அன்று முதல் அதற்குக் கீழே எந்த அரசும் கைவைக்கவில்லை.

நம்மவர் பெருந்தொகையாகப் பணிபுரியும் ரயில்வேயின் கதை வேறு. அரசாங்க இலாகாவுக்குப் போனஸ் சட்டம் பொருந்தாது என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 1974 மே மாதத்தில் இந்தியா முழுவதும் ரயில்களை நிறுத்திய இருபது நாள் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் போனஸும் ஒன்று. அவ்வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது, பலர் வேலையிழந்தனர், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1979 இல், 'உற்பத்தித் திறனோடு இணைந்த போனஸ்' என்னும் பெயரில் அக்கோரிக்கை ஏற்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அது 78 நாள் சம்பளம் என்று செய்தித்தாள்களில் தலைப்பெழுத்துக்களில் வருகிறது. அதனைக் கண்டு, மாதம் ஐம்பதாயிரம் பெறும் அன்பருக்கு ஒன்றேகால் லட்சத்துக்குமேல் வந்திருக்குமென்று உறவினர் எண்ணி ஊரிலிருந்து கடன் கேட்டுக் கடிதம் எழுதுவதும் உண்டு. கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படும் சம்பளம் மாதம் 7,000 ரூபாயே என்பதும், 78 நாளுக்கு வருவது 17,951 ரூபாய் என்பதும் அவ்வுறவினருக்குத் தெரியாது. அவ்வாறே டில்லிச் செக்ரடேரியட்டில் பணிபுரியும் குமாஸ்தா அன்பர்களின் 30 நாள் போனஸும் 6,908 ரூபாயாக முடிகிறது.

இனி, தனியார் தொழில்களில் இருப்போருக்குரிய கணக்கைப் பார்ப்போம். இப்பகுதி சற்று வறட்சியாகத் தோன்றலாம். எனினும் இல்லத்தரசிகள் இதனைத் தவறாது படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் வீட்டுக் கணக்கைப் பார்ப்பவர்களே இக்கணக்கையும் பார்க்கத் தகுந்தவர்கள்.

இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடமாயிருக்க வேண்டும். கணக்காண்டில் முப்பது நாளேனும் வேலை செய்திருக்க வேண்டும். 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2015 ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர் அனைவரும் இவ்வுரிமைக்கு உட்பட்டவர். சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் சேரா. ஆனால் கணக்கிடுவது முழுச் சம்பளத்தின்மேல் அன்று. மாதம் 7,000 ரூபாய், அல்லது அத்தொழிலுக்கு அரசு விதித்த குறைந்தபட்ச ஊதியம், இவ்விரண்டில் எது அதிகமோ அதுவே அளவுகோல்.

'எது அதிகமோ' என்னும் இவ்விரண்டு சொற்களில்தான் ஏழைகளின் பணம் மறைந்து போகிறது. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். மாதம் 16,000 ரூபாய் பெறும் ஒருவர். 7,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 84,000, அதில் 8.33 வீதம் 6,997 ரூபாய். அவர் செய்யும் வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஆண்டுக்கு 1,44,000; அதில் 8.33 வீதம் 11,995 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ ஐயாயிரம். ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவு, ஒரு வரியைப் படியாத காரணத்தால் போய்விடுகிறது.

2019 இல் இயற்றப்பெற்ற ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1965 ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் அதனுள் அடங்கிவிட்டது. 8.33, 20 என்னும் இரு எல்லைகளும், முப்பது நாள் விதியும், 'எது அதிகமோ' என்னும் விதியும் அப்படியே உள்ளன. தகுதிக்குரிய சம்பள வரம்பை இனிச் சட்டத்தைத் திருத்தாமலே அரசு அறிவிப்பினால் மாற்றலாம். ஆகவே ஆண்டுதோறும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நலம். சம்பளத்தைப் பலவிதப் படிகளாகத் துண்டு துண்டாக்கி அடிப்படைச் சம்பளத்தை மெலிய வைக்கும் தந்திரத்துக்கும் அத்தொகுப்பு ஒரு தடை இட்டிருக்கிறது: விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே எண்ணப்படும்.

பெண்மணிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரசவ விடுமுறையில் இருந்த நாட்களும், சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களும், வேலையில் நேர்ந்த விபத்தினால் படுத்திருந்த நாட்களும் போனஸுக்கு வேலை செய்த நாட்களாகவே கொள்ளப்படும். 'நீ மூன்று மாதம் வரவில்லையே' என்று கழிக்க எவருக்கும் அதிகாரமில்லை. மோசடி, திருட்டு, வன்முறை ஆகியவற்றுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் போனஸை இழப்பர். பாலியல் தொல்லைக்குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவரையும் புதிய தொகுப்பு அவ்வரிசையில் சேர்த்திருக்கிறது. அது நல்லதே.

புதிதாகத் தொடங்கிய தொழிலுக்கு முதல் ஐந்தாண்டுகளில் இலாபம் வந்த ஆண்டுக்கு மட்டுமே போனஸ் கடமை உண்டு. பல்கலைக்கழகங்கள், இலாப நோக்கமற்ற மருத்துவமனைகள், தரும ஸ்தாபனங்கள் போன்றவை விலக்குப் பெற்றவை. அங்குப் பணிபுரியும் அன்பர்கள் இச்சட்டத்தைக் காட்டிக் கேட்பதில் பயனில்லை.

இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்றில் குறை எங்கே நேர்கிறது? பெரிய ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு நேர்வதில்லை; அவருக்குச் சங்கம் இருக்கிறது. அதே வாயிலில் நிற்கும் காவலாளிக்கும், அதே காண்டீனில் பாத்திரம் கழுவும் சிறுவனுக்கும், அதே மாடியைத் துடைக்கும் அம்மையாருக்கும் நேர்கிறது. இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பெயர்ப் பலகை ஒருவருடையது. சம்பளப் பட்டியல் வேறொருவருடையது. தீபாவளிக்கு முதல்நாள் உள்ளே இருப்பவருக்கு இருபது வீதம் வங்கிக் கணக்கில் ஏறும். வெளியே நிற்பவருக்கு அரைக்கிலோ மிட்டாய்ப் பெட்டி கிடைக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இந்நகரில் பல ஆண்டுகளாகக் காவலாளி வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், நம் சங்கத்துப் படிப்பகத்துக்கு ஞாயிறுதோறும் வருபவர். ஆண்டுக்கு 3,000 ரூபாய் உறையில் பெற்று, தொகை எழுதப்படாத பதிவேட்டில் கையெழுத்திட்டு வந்ததாகப் பேச்சுவாக்கில் ஒருநாள் கூறினார். 'நான் பர்மனெண்ட் இல்லையே, ஐயா. அவர்கள் கொடுப்பதே பெரிது' என்றார். அவருடைய ஒப்பந்தக்காரரிடம் நூற்றுக்கு மேற்பட்ட காவலாளிகள் இருந்தனர். சட்டம் நிரந்தரம், தற்காலிகம் என்று பிரிப்பதில்லை. தொழில் பயிலும் அப்ரண்டிஸ்களை மட்டுமே விலக்குகிறது. நாளிதழின் ஓரத்தில் நாம் போட்டுக் காட்டிய கணக்கை அவர் மனைவியார் நோட்டுப் புத்தகத்தில் திருத்தமாக எழுதிக் கொடுத்தனுப்பினார். ஒப்பந்தக்காரர் அதனைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவ்வாண்டுக்குரிய வித்தியாசத்தை அவருக்கும், அவரோடு நின்ற மற்றைக் காவலாளிகளுக்கும் சேர்த்தே கொடுத்தார். முந்தைய ஆண்டுகளைப்பற்றிய பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை. அவ்வம்மையாரின் நோட்டுப் புத்தகம் இப்பொழுது அக்கட்டடத்தில் பலர் கைக்கு மாறிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கல்கத்தாவில் வாழும் நம் சகோதரர்களுக்கு இன்னொரு செய்தி. அங்கே இலாபத்தோடு தொடர்பில்லாத 'பூஜா போனஸ்' என்னும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நீண்ட காலம், இடைவிடாமல், நஷ்ட ஆண்டிலும்கூட, ஒரே வீதத்தில் கொடுக்கப்பட்டு வந்திருந்தால், அது வேலை உடன்பாட்டின் ஓர் அங்கமாகவே ஆகிவிடும் என்று உச்சநீதிமன்றம் 1959 ஆம் ஆண்டிலேயே கூறியது. 1979 இல், போனஸ் சட்டம் வந்தமையால் இவ்வழக்கப் போனஸ் ஒழிந்துவிடவில்லை என்றும் அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. வழக்கமே உரிமையாவது எப்போது என்று 1924 இல் பம்பாய் கேட்ட கேள்விக்குக் கல்கத்தா வழியாக விடை வந்தது. இருப்பினும், பண்டிகைக்கு முன்கூட்டிக் கொடுத்த தொகையைச் சட்டப்படியான போனஸில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. இரண்டையும் இரு முறை எதிர்பார்த்துச் செலவு செய்துவிடலாகாது.

முதலாளிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. போனஸ் வீதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறியே தீரவேண்டும் என்பது கணக்கோடு பொருந்தாது. 1981 தீபாவளியின்போது பம்பாய் ஆலைகளில் அறிவிக்கப்பட்ட போனஸ் வீதங்களில் எழுந்த மனக்கசப்பு, கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்ந்து பெருகி, 1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வீதிக்குக் கொண்டுவந்தது. அவ்வேலைநிறுத்தம் முடிந்தது என்று எவரும் முறையாக அறிவித்ததேயில்லை. ஆலைகளே ஒவ்வொன்றாக முடிந்துபோயின. குற்றம் முழுவதும் ஒருதரப்பினது என்று கூறுவோர் இருதரப்பிலும் உண்டு. நாம் காண்பது இது: ஆலையின் கணக்கு தொழிலாளிக்குத் தெரிந்திருக்கவில்லை, தொழிலாளி வீட்டுக் கணக்கு ஆலைக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின்மேல் தொழிலாளருக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை பெற்ற தலைவருக்கு அங்கீகாரம் இல்லை. அந்நிலையில் எட்டா, பதினேழா என்னும் எண்கள் எரியும் வைக்கோலில் விழுந்த பொறிகளாயின.

தணிக்கை செய்யப்பட்ட கணக்கைச் சரியானதென்று நீதிமன்றம் முதலில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதில் ஐயமுள்ள பகுதிக்கு விளக்கம் கேட்க, நீதிமன்றம் வழியாகத் தொழிற்சங்கத்துக்கு உரிமை உண்டு. இவ்வுரிமையைப் பயன்படுத்தும் சங்கங்கள் மிகச் சிலவே. வீதத்துக்காக ஒரு மாதம் முழக்கமிடும் நாம், கணக்கின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்க ஒரு மாலையைச் செலவிடுவதில்லை. கணக்கைத் திறந்து காட்டும் நிறுவனங்களில் குறைந்த வீதத்தைக்கூட மக்கள் முணுமுணுப்போடேனும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை நம் அன்பர்கள் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம்.

இக்காலத்தில் 'எக்ஸ் கிரேஷியா' என்னும் இன்னொரு லத்தீன் சொல்லும் சம்பளச் சீட்டில் வரத் தொடங்கியிருக்கிறது. 'அருளால்' என்பது அதன் பொருள். வரம்புக்கு மேற்பட்ட சம்பளம் பெறும் அதிகாரிகளுக்குக் கொடுப்பதற்கு அது ஏற்ற சொல்லே. அவர்களுக்குச் சட்டப்படி கடமையில்லை. வரம்புக்கு உட்பட்டவரின் சீட்டில் அச்சொல் காணப்பட்டால் மட்டும் சற்று நின்று படிக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுச் சேவைக்குக் கைக்கடிகாரம், நல்ல யோசனை கூறியவருக்குப் பரிசு, மகள் திருமணத்துக்கு முன்பணம் ஆகியவை நிறுவனத்தின் அன்பு. அவற்றை மகிழ்ந்து பெற்று மனமார நன்றி கூறலாம். போனஸை அப்பட்டியலில் எழுதுவது பிழையான கணக்கு.

கணக்காண்டு மார்ச்சு 31 இல் முடிந்தால், எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள், போனஸ் வங்கிக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உறையில் வைத்துக் கொடுக்கும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் கொடுக்கத் தவறினால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்கிறது புதிய தொகுப்பு. கொடுக்கப்படாத தொகையைக் கோரி உரிய அதிகாரியிடம் மனுச் செய்ய மூன்றாண்டுகள் வரையில் காலம் உண்டு. மனுவுக்கு வேண்டியவை சம்பளச் சீட்டுக்கள், வங்கிப் புத்தகத்தின் நகல், வேலை செய்த நாட்களின் விவரம். சீட்டே கொடுக்காத இடங்களில், சம்பளம் பெற்ற தேதியையும் தொகையையும் மாதந்தோறும் வீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வைக்கலாம். அந்த நாட்காட்டியை ஆண்டு முடிந்ததும் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம்.